வழி கேட்டு வந்தவர்கள்

நாட்டு வளம் கூறி, அதன்பின் நகர வளம் கூறிக் கதைக்குள் புகுவது தமிழ்க் காப்பிய மரபு. உமறுப் புலவர் அம்மரபுக்கு விலக்கானவர் அல்லர். சீறாப்புராணத்தின் முதற் காண்டமாகிய விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப் படலத்தைப் படிப்போர் அரபு நாட்டில் மழை பொழிவதையும், ஆறு பெருகுவதையும், உழவர் ஏர் பூட்டுவதையும் காண்பர். அடுத்து வரும் நகரப் படலத்தில் திருமக்கா மாநகர் தமிழகத்துத் தலைநகர் ஒன்றின் சாயலில் எழுந்து நிற்கும். பாலைநிலத்து ஊருக்கு இத்தனை பசுமையும் பகட்டும் ஏது என்று கேட்டுப் புலவரைக் குறை கூறியவர்கள் உண்டு. அக்குறை நமக்குப் பெரிதாகப் படவில்லை. தமிழ் கேட்கும் செவிகளுக்கு அரபு நாட்டை அணுக்கமாக்க அவர் கண்ட வழி அது. நம் கருத்தை ஈர்ப்பது வேறொன்று. இத்தனை விருத்தங்களில் போற்றிய நகரை விட்டுக் காப்பியத் தலைவர் வெளியேற வேண்டியிருக்கிறது. 5027 விருத்தங்கள் கொண்ட அந்நூலின் மூன்றாம் காண்டத்துக்குப் பெயரே ஹிஜ்ரத்துக் காண்டம். நகரின் வளத்தைப் பாடிய புலவரே, வளமிக்க அந்நகர் தன் சிறந்த மைந்தருக்கு இடம் தராமற் போனதையும் பாடினார்.

உமறு அவர்களும் ஊர் விட்டு ஊர் வந்தவர்தாம். எட்டயபுரம் அரசவையில் புகழ் பெற்ற அவரைச் சீறா பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. வள்ளல் மறைந்தபின் பணி முடங்கிவிடாமல் காத்தவர் நம் சிதம்பர வட்டாரத்தைச் சேர்ந்த பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர். கம்பர் சடையப்பரைப் பாடியதுபோல் உமறு அபுல் காசிமைத் தம் நூலில் பலவிடங்களில் நன்றியோடு நினைக்கிறார். வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள அத்துறைமுகத்தை முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றனர். போர்த்துக்கீசியர் போர்ட்டோ நோவோ என்றனர். கப்பலும் கடைத்தெருவும் இருந்த அந்த ஊரில், வந்த புலவரை வரவேற்கும் வீடொன்றும் இருந்தது. சீறா நமக்குக் கிடைத்ததற்கு அந்த வீடு ஒரு காரணம். பட்டணத்து வாழ்வின் இன்பதுன்பம் பற்றி எழுதும் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த வீட்டைத்தான்.

ஹிஜ்ரத்தை மீண்டும் நோக்குவோம். யத்ரிப் என்ற ஊர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தபின் மதீனா ஆயிற்று. மதீனா என்னும் சொல்லுக்கு நகரம் என்பதே பொருள். மக்காவிலிருந்து வந்தவர்களுக்கு அங்கு எல்லாம் இனிப்பாக இருந்துவிடவில்லை. புது நீரும் புதுக் காற்றும் ஒவ்வாமற் காய்ச்சலில் வீழ்ந்தனர். காய்ச்சல் தணிந்த வேளைகளில் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கே மணக்கும் புல்லையும் எண்ணிப் பாடியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஊர் நினைவைப் பலவீனம் என்று பெருமானார் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட மிகுதியாக, மதீனாவையும் எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். துஆவோடு நில்லாமல் ஓர் ஏற்பாடும் செய்தார்கள். வந்த முஹாஜிர் ஒருவருக்கு உள்ளூர் அன்ஸாரி ஒருவரைச் சகோதரராக்கினார்கள். அவ்வாறு இணைக்கப்பட்டவர்களுள் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அதைப் பெற்றுக்கொள்ளாமல், உமது செல்வத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக என்று வாழ்த்திவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். அன்று பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுக் கொஞ்சம் ஆதாயத்தோடு திரும்பினார்.

இந்த வரலாற்றை நம் மேடைகளில் பலகால் கேட்டிருக்கிறோம். ஈகைக்கும் தன்மானத்துக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இதனை நகரத்துக்கு ஓர் இலக்கணமாகவும் கொள்ளலாம் என்பது நம் எண்ணம். வருபவனுக்கு ஒரு வீட்டு வாசல் திறக்க வேண்டும். அவன் கையூன்றிப் பிழைக்க ஒரு சந்தையும் வேண்டும். சந்தை இருந்து வாசல் இல்லையெனில் அவ்வூர் நெஞ்சை வறளச் செய்யும். வாசல் இருந்து சந்தை இல்லையெனில், அன்பு மிகுந்த ஊரேயாயினும் இளைஞனை வெளியே அனுப்பிவிடும். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சிதம்பரத்திலும் பிள்ளைகளைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவிட்டு இருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் சமுதாய இதழ்களில் வந்த கதைகளுள் ஒரு வகையைப் பாருங்கள். ஊரிலிருந்து இளைஞன் பட்டணம் போகிறான். முதல் மாதம் தொழுகை தவறுகிறது; இரண்டாம் மாதம் சினிமா; மூன்றாம் மாதம் தீய நட்பு; கடைசிப் பக்கத்தில் தாயின் மடியில் விழுந்து தவ்பா. தாயோ அவனை மன்னித்துக் கஞ்சி வார்க்கிறாள். இக்கதைகளின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. இவற்றில் அவன் எங்கே தங்கினான், என்ன வாடகை கொடுத்தான், முதற் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினான், நோயுற்றபோது யார் பார்த்தார் என்ற செய்தி ஒன்றும் இராது. பட்டணம் ஒரு ஷைத்தானாக நின்று அவனைக் கெடுக்கிறது, அவ்வளவுதான். எந்த ஊர் என்ற அடையாளமே இல்லாத பட்டணத்தைக் கண்டு எந்தப் பிள்ளையும் எச்சரிக்கை பெறமாட்டான்.

இப்னு கல்தூன் 1377-இல் முகத்திமாவை எழுதியபோது, நகரத்துச் சுகம் மக்களின் கட்டுறுதியைத் தளர்த்தும் என்று அழுத்தமாகவே சொன்னார். அதே நூலில், கைத்தொழிலும் கல்வியும் செழிப்பது மக்கள் பெருகிய நகரங்களில்தான் என்றும் எழுதினார். இரண்டையும் ஒரே மனிதர் சொன்னார் என்பதே அவருடைய பெருமை. அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1406-இல் மறைந்தது கெய்ரோ மாநகரில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். சென்னையைப் பற்றி ஆழ்ந்து எண்ணிய மூவர் இன்றைய கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர்கள். மூவரும் முஸ்லிம்கள் அல்லர். எனினும் நம் வீட்டுப் பிள்ளைகள் போய்ச் சேரும் அதே நகரைப் பற்றிப் பேசியவர்கள்.

முதலாமவர் இராமலிங்க வள்ளலார். சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள மருதூரில் 1823-இல் பிறந்து, இளம் பருவத்திலேயே குடும்பத்தோடு சென்னை சேர்ந்து, ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்தார். 1858-இல் நகரை விட்டு நீங்கித் தென்னார்க்காட்டுக் கருங்குழியில் தங்கினார். பொருள் மிகுந்த சென்னையில் இருந்தால் தொல்லை நேரும் என்று அஞ்சியே சிற்றூர்ப்புறங்களை நாடியதாக அவரே ஒரு பாட்டில் விண்ணப்பிக்கிறார். இதைக் கொண்டு அவரை நகரத்தின் பகைவர் என்று கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறுவோர் சில செய்திகளை மறந்துவிடுகின்றனர். ஒழிவிலொடுக்கத்தை 1851-இல் அவர் பதிப்பித்ததும், மனுமுறைகண்ட வாசகத்தை 1854-இல் அச்சேற்றியதும் சென்னை வாழ்வின்போதுதான். அவர் ஊரை விட்டு வந்த பின்னும் பாடல்களைத் தொகுத்து வெளியிட விடாது வற்புறுத்திக் கடிதம் எழுதியவர் சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார். பதிப்பை முன்னின்று நடத்தியவர் தொழுவூர் வேலாயுத முதலியார். திருவருட்பா 1867-இல் சென்னையில் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. பசித்து வந்தவர்க்கெல்லாம் சாதி சமயம் கேளாது சோறிடும் அவ்வடுப்பு இன்றும் அணையவில்லை.

ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் நாம் அருகருகே வைத்துப் படிக்கிறோம். அச்சுக்கூடமும் ஆர்வலரும் அவருக்குச் சென்னையிலிருந்து கிடைத்தன. வருவோரை எதிர்கொள்ளும் அடுப்பை அவர் ஊர்ப்புறத்தில் மூட்டினார். நகரில் அவர் கண்ட குறை இன்னதென்று பாட்டில் விரித்துரைக்காவிட்டாலும், வெளியேறி அவர் செய்த முதற் பெருங்காரியம் அதைச் சொல்லிவிடுகிறது என்பது நம் துணிபு. நகரை வெறுத்து நகரின் அச்சையும் உதறியிருந்தால் நமக்குத் திருவருட்பா அந்த ஆண்டில் கிடைத்திராது.

இரண்டாமவர் புதுமைப்பித்தன். திருநெல்வேலிக்காரர் என்றே தமிழுலகம் அவரை அறியும். தந்தையாரின் அரசுப் பணி காரணமாக அவர் 1906-இல் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில். பிழைப்புத் தேடிச் சென்னை சென்று பத்திரிகை அலுவலகங்களில் உழன்று, 1948-இல் காச நோயால் மறைந்தார். 1943-இல் அவர் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சென்னையைப் பற்றிய தமிழ்க் கதைகளுள் தலையாயது. இறைவனை மனித உருவில் கற்பனை செய்வது நம் ஈமானுக்கு ஒவ்வாதது. அந்த அளவில் கதையின் கருவை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அதைக் காரணமாக்கி அக்கதையை ஒதுக்கிவிட்டால், பட்டணத்தைப் பற்றிய கூர்மையான ஓர் ஆய்வை இழந்தவர்களாவோம்.

பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில், டிராமில் போனால் எவ்வளவு, நடந்தால் எவ்வளவு மிச்சம், அந்த மிச்சத்தில் ஒரு காப்பி குடிக்கலாமா என்று கணக்கிட்டுக் கொண்டிருக்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் அந்நியர் ஒருவர் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். மதீனாவுக்கு வந்தவர் சந்தைக்கு வழி கேட்டதை இங்கு நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. வாலாஜா பள்ளிவாசலால் நம்மவர்க்கு நன்கறிமுகமான திருவல்லிக்கேணிக்கு எத்தனை முஸ்லிம் பிள்ளைகள் இப்படி வழி கேட்டுச் சென்றிருப்பார்கள்! அந்த டிராம் 1953-இல் நின்றுவிட்டது. கணக்கு மட்டும் நிற்கவில்லை. மெட்ரோ இரயிலிலா, பேருந்திலா, நடந்தா என்று இன்றும் அதே கணக்கைத்தான் மாதக் கடைசியில் இளைஞர்கள் போடுகின்றனர்.

கந்தசாமிப் பிள்ளை தீயவர் அல்லர். விருந்தாளியை வீட்டுக்கே அழைத்துப் போகிறார். ஆனால் அதற்கு முன் தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வசூலித்துக் கொள்கிறார். காப்பியின் சுவையை விருந்தாளி வியக்கும்போது, அது சிக்கரியின் வேலை என்று திருத்துகிறார். அன்ஸாரியின் அன்பும் தரகரின் கணக்கும் ஒரே நெஞ்சில் இருக்கும் இந்த மனிதரைப் போல் உண்மையான பட்டணவாசி ஒருவரைத் தமிழ்க் கதையில் நாம் அதிகம் கண்டதில்லை. கணக்கின்றி அந்த விருந்தாளியோடு ஒட்டிக்கொள்வது வீட்டுக் குழந்தை ஒன்றே. பிறகு வருகிறது நம் சிதம்பரத்தார் கூர்ந்து படிக்கவேண்டிய பகுதி. தில்லைக் கூத்து என்று உலகம் புகழும் ஆடலையே அந்த விருந்தாளி பட்டணத்துச் செல்வர் ஒருவர் முன்னிலையில் ஆடிக் காட்ட, அது கலையே அன்று என்று அவர் அனுப்பிவிடுகிறார். சொந்த ஊரில் எத்தனை பெருமை இருப்பினும் பட்டணத்தில் அதற்குச் செலாவணி இல்லை என்பதை இதைவிடக் குறும்பாகச் சொல்ல முடியாது. எட்ட நின்று வரம் கொடுக்கலாமே ஒழிய இவர்களோடு கூடி வாழ முடியாது என்று விருந்தாளி விடைபெறுகிறார். ஊரிலிருந்து வந்து பத்து நாள் மகன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பும் முதியவர்கள் பலருடைய தீர்ப்பும் அதுவே என்பது கதாசிரியர் எண்ணியிராத கூடுதல் பொருள்.

புதுமைப்பித்தனிடம் நமக்குக் குறை உண்டு. வேலையும் பேச்சுத் திறனும் உள்ளவரின் சென்னையை அவர் இக்கதையில் காட்டினார். கூலிக்கு மண் சுமப்பவரின் சென்னைக்குள் அவர் இதில் போகவில்லை. அதற்குள் போனவர் மூன்றாமவரான ஜெயகாந்தன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, விழுப்புரம் வழியாக 1946-இல் சென்னை வந்த அச்சிறுவனுக்கு வாசல் திறந்தது கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம். ஜனசக்தி அச்சகத்தில் வேலை செய்தும், பத்திரிகை விற்றும், அங்கிருந்த பெரியவர்களின் பேச்சைக் கேட்டும் அவன் எழுத்தாளனானான். அக்கட்சியின் இறைமறுப்பில் நமக்கு உடன்பாடு இல்லை. எனினும் படிப்பில்லாத பன்னிரண்டு வயதுப் பையனைச் சேர்த்துக்கொண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்த இடம் அது என்பதை மறைப்பது நேர்மையாகாது. நம் பள்ளிவாசல்களையும் சங்கங்களையும் ஒட்டி இருந்த எத்தனை அறைகள் அத்தகைய பையன்களுக்குப் பாயோடு புத்தகமும் கொடுத்தன என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இடமும் இதுவே.

அவருடைய ‘உன்னைப் போல் ஒருவன்’ சேரியில் வாழும் சித்தாள் தங்கம், அவள் மகன் சிட்டி, கிளி ஜோசியர் மாணிக்கம் ஆகியோரின் கதை. 1965-இல் அவரே அதைத் திரைப்படமாக்கினார். தாயின் வாழ்வில் இன்னொருவன் வந்ததைச் சிறுவனால் பொறுக்க இயலவில்லை. தாய் ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். வெறுத்த பையனே அக்குழந்தையை ஏற்றுக்கொள்கிறான். அந்த உறவை நம் ஷரீஅத் ஒப்பாது. ஆசிரியரும் அதைப் பட்டாடை கட்டிக் காட்டவில்லை. நகரத்தில் யாருமற்றுப் பிறந்த புதுவரவு ஒன்றுக்கு, தனக்கே ஒன்றுமில்லாத சிறுவன் வாசல் திறக்கிறான் என்பதே நம் நெஞ்சில் நிற்பது. மாடவீதிகளில் தேடிக் கிடைக்காத அன்ஸாரி குடிசை ஒன்றில் கிடைக்கிறான்.

‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது தமிழ்நாடே சர்ச்சையில் இறங்கியது. மழையில் பேருந்துக்காக நின்ற கல்லூரி மாணவியை அந்நியன் ஒருவன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். தாய் அவள் தலையில் நீரூற்றி, நீ தூய்மையானவள் என்று தேற்றுகிறாள். பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், தாய் அவ்வாறு செய்யாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை ஆசிரியர் எழுதிப் பார்த்தார். 1970-இல் நூலான அதற்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று புலப்படும். குற்றம் நடந்தபோது நகரத்தில் பார்க்க ஒருவரும் இல்லை. நடந்தபின் பேச எல்லோரும் இருந்தனர். கிராமத்து வம்பும் நகரத்து அலட்சியமும் ஒரே தெருவில் குடியிருக்கக் கூடும் என்பதை அந்நாவல் காட்டியது. பட்டணம் என்றால் யாரும் யாரையும் கண்டுகொள்ளாத இடம் என்ற எளிய எண்ணம் அதன்பின் நிற்பதில்லை.

இம்மூவரையும் படித்தபின் நம் சொந்த அலமாரிக்குத் திரும்பினால் ஓர் இடைவெளி தெரிகிறது. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் வெளிவந்தது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தது. கீரனூர் ஜாகிர்ராஜாவின் நாவல்களும் வந்திருக்கின்றன. தமிழ் முஸ்லிம் வாழ்வை அதன் மொழியோடும் புழுக்கத்தோடும் பதிவு செய்த இவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் இவ்வரிசையில் பெரிதும் பேசப்பட்டவை ஊரின் கதைகள். பட்டணமும் பரதேசமும் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. ஆண்கள் அங்கே போகிறார்கள், பணம் வருகிறது, ஆள் எப்போதாவது வருகிறார். அங்கே அவர் வாழ்ந்த நாட்கள் மண்ணடிக் கடையின் பின்கட்டிலோ திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையிலோ எழுதப்படாமற் கிடக்கின்றன.

எழுதப்பட வேண்டியவற்றுள் கசப்பானவையும் உண்டு. பெருநகரங்களில் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லப்படும் அனுபவம் நம்மவர் பலருக்கு வாய்த்தது. வாடகை பேசி முடிந்து, முன்பணம் எடுக்கும் வேளையில் பெயர் கேட்கப்படும். அதன்பின் வீட்டுக்காரரின் உறவினர் ஒருவருக்கு அவ்வீடு திடீரெனத் தேவைப்பட்டுவிடும். இதை எழுதும் கதைகள் வரவேண்டும். ஆனால் கதை அங்கேயே நின்றுவிட்டால் அது பாதிக் கதை. நம்மவருக்குச் சொந்தமான வீடுகளில் தனித்து வந்த இளைஞனுக்கும், வேலைக்கு வந்த பெண்ணுக்கும் கதவு எந்த அளவுக்குத் திறக்கிறது என்பது மற்றப் பாதி. அதை எழுதத் துணியும் எழுத்தாளரை நம் இதழ்கள் திருப்பியனுப்பக் கூடாது.

பெண் என்று சொல்லும்போது ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதால், பட்டணம் போகாமலே உயர்கல்வி பெறும் பேறு சிதம்பரம் வட்டாரத்துக்குக் கிடைத்தது. அப்படிப் படித்த நம் பெண்கள் இன்று வேலைக்காகச் சென்னை செல்கின்றனர். தாய்மாரின் அச்சத்தை நாம் அற்பமாகக் கருதவில்லை. ‘அக்கினிப் பிரவேச’த்து மழை இன்னும் ஓய்ந்துவிடவில்லை. எனினும் அவளை அனுப்பலாமா கூடாதா என்று இருபுறமும் நின்று வாதிடும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. எழும்பூர் நிலையத்தில் அதிகாலையில் இறங்கும் அவளுக்கு யார் வீட்டில் தேநீர் கிடைத்தது, விடுதி அறையில் ஸஹருக்கு அவள் என்ன உண்டாள், முதற் சம்பளத்தில் உம்மாவுக்கு என்ன வாங்கினாள் என்று சொல்லும் ஒரு நாவல் அக்கட்டுரைகளைவிட மிகுதியாக நமக்குக் கற்பிக்கும். அதை ஆண் எழுத்தாளர் ஒருவர் அவளுக்காக இரக்கப்பட்டு எழுதுவதைவிட, அவளே எழுதினால் பட்டணத்தின் விலைவாசியாவது சரியாக இருக்கும்.